இரண்டாவது வெடி

"பறவை உன்னுதுதான்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னபோது கோல்பியின் காது மடல்கள் செக்கச்செவேலென்று இருந்தன. எதையாவது மறைக்கும்போதுதான் தன் கணவனுக்குக் காது அப்படிச் சிவக்கும் என்று மார்னிக்குத் திருமணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது.

அவள் கையில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனத்துச் சேவல் தொங்கியது. கழுத்தில் வெள்ளை வளையம், முழ நீள வால், உடம்பில் இன்னும் ஆறாத சூடு. வேட்டை நாய் டீசல் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"நீயும் சுட்டியா இல்லையா, அதைச் சொல்லு."

"உன்னுதுன்னு சொல்றேன்ல. பையில போடு, போலாம்."

சற்று முன்புவரை மார்னியும் நாயோடு சேர்ந்து குதித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று வேட்டைப் பருவமாக அவளுக்கு வாய்க்காத பறவை. ஆனால் குதித்து முடித்தபின் சந்தேகம் வந்துவிட்டது. விசையை ஒரு தடவை இழுத்தது நினைவிருந்தது. காதில் விழுந்ததோ இரண்டு வெடி.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. வேலி தாண்டும்போது துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும் என்பது மாமனார் வெர்லினின் சட்டம். அவள் முதலில் தாண்டி, மறுபடி மூன்று தோட்டா நிரப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த கோல்பியின் கால் தரையில் படுவதற்குள் டீசல் புல்லைப் பார்த்துச் சிலையாகிவிட்டது. அப்புறம் ஒரே சிறகடிப்பு, ஒரே சத்தம். அவள் குதித்த குதியில் கோல்பிதான் அவள் துப்பாக்கியை வாங்கி, மிச்சத் தோட்டாவை எடுத்து வைத்தான்.

"சரி, வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பாப்போம்" என்று நெற்றிக்கு மேல் கட்டியிருந்த காமிராவைத் தட்டினாள்.

"அது எதுக்கு இப்ப? வேண்டாம் விடு." காதுகள் இன்னும் சிவந்தன.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறந்தநாளுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். ஆனால் குறி பார்த்துச் சுட்டேன் என்பதை ஒருத்தன் எப்படிப் பரிசாகத் தர முடியும்?

மாமியார் வீட்டுச் சமையலறை உத்தரத்தில் வரிசையாக வால் இறகுகள் குத்தியிருந்தன. முதல் பறவையை அடித்தவர்களின் இறகும், அதற்குக் கீழே பெயரும். தபால்காரர் பெயர்கூட இருந்தது. மார்னியின் பெயர்தான் இல்லை.

காமிராவை வாங்கித் தந்தவரே வெர்லின்தான். சுடுவதைவிட, மதியச் சாப்பாட்டில் படத்தைப் போட்டு ஒவ்வொருவரையும் கிண்டலடிப்பதில்தான் அவருக்கு ருசி. தபால்காரர் ஒருமுறை இரண்டு காலிலும் இடது பூட்ஸ் மாட்டி வந்ததை இன்றுவரை அவர் விடவில்லை.

மாமியார் லவான் பொரித்த இறைச்சித் துண்டுகளை மேசையில் வைத்தாள். சேவலின் வாலிலிருந்து நீளமான இறகை ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தாள். "எம் மருமக இறகு. எங்க குத்தலாம்?"

"இரு, இரு. கோர்ட்டு இன்னும் தீர்ப்பு சொல்லல" என்று வெர்லின் டிவியை முடுக்கினார்.

திரையில் புல் ஆடியது. டீசலின் வால் நீட்டி நின்றது. சேவல் கிளம்பியதும் மார்னி கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்திருக்க வேண்டும், காமிரா குனிந்து வெறும் புல்லைக் காட்டியது. முதல் வெடி. படம் குலுங்கி நிமிர்ந்தது. நீல வானத்தில் சேவல் சாவகாசமாகப் பறந்துகொண்டிருந்தது. இரண்டாவது வெடி. படம் மறுபடி குலுங்கியது. சேவல் கல்லாக விழுந்தது.

அதற்குப் பின் ஒரே குதியாட்டம், வானமும் பூமியும் இடம் மாறி மாறி.

"ஏம்மா மார்னி, ஆடுனதுல ஒண்ணும் குறையில்ல" என்றார் வெர்லின், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி. "மொத வெடி உன்னுது, வானத்துக்கு. ரெண்டாவது எம் பையனுது, சேவலுக்கு."

"சும்மா இருங்க. பொண்ணு முகத்தைப் பாருங்க" என்றாள் லவான்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? பொண்டாட்டிக்குப் பறவைய விட்டுக் குடுத்திருக்கான் பய. நான் உனக்கு ஒரு தடவையாவது குடுத்திருக்கேனா?"

"இறைச்சியவே குடுக்க மாட்டீங்க."

மார்னிக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. விட்டுக்கொடுத்தவன் தலை குனிந்து மென்றுகொண்டிருந்தான், தியாகி மாதிரி. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷமும் இந்த உத்தரத்தின் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பொய்யான ஓர் இறகை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

லவானின் கையிலிருந்து இறகை எடுத்துக் கோல்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை இவன் பேர்லயே குத்துங்க அத்தை. எனக்கு நானே அடிச்சது வேணும். அது எப்ப வருதோ அப்ப வரட்டும்."

மேசைக்கடியில் டீசல் வாலைத் தரையில் அடித்தது.

கோல்பி வாயிலிருந்ததை விழுங்கினான். அப்பாவை ஒருமுறை பார்த்தான், ஆயுசுக்கும் இந்தக் கிண்டலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவனைப் போல. பிறகு இறகை எடுத்து மனைவியின் கையில் திணித்தான்.

"ரெண்டு வெடியும் இவளுதுதான். வேலி தாண்டினப்புறம் நான் தோட்டாவே போடலப்பா."