கூலர் இல்லாத ஜன்னல்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஜூன் மாதம், பிற்பகல் மூன்று மணி. டெல்லி கரோல் பாகில் அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அந்த வேளையில் மதுமதி தான் குடியிருந்த மாடியிலேயே எதிர்வீட்டுக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

கதவைத் திறந்தவர் பட்டாபி. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அந்தக் கூலரை ஜன்னலை விட்டு எடுக்கப் போறீங்களா இல்லையா, சார்?"

நேற்றுவரை அவரை 'மாமா' என்று அழைத்தவள் அவள்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. கணவன் ராஜவேல் விமானப்படையில், அஸ்ஸாமில் இருந்தான். அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. சாலையைத் தோண்டியவர்கள் தொலைபேசிக் கம்பியை வெட்டிவிட்டதால், பிராட்பேண்ட் போய் ஒரு வாரமாகிவிட்டது. அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த, கம்ப்யூட்டரில் செருகும் மலிவு விலை டேட்டா கார்டை வைத்துத்தான் முழு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டுக்காரியான அவளிடம் முகவரிச் சான்று இல்லாததால், அதைத் தம் பெயரில் வாங்கிக் கொடுத்தவரும் பட்டாபிதான்.

அந்தக் கார்டை நீள வயரில் மாட்டிப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் சிக்னல் கிடைக்கும். நேற்று மாலை பட்டாபி வீட்டுக் கூலர், ஈரத் தட்டிகள் வழியாகக் குளிர்காற்று வீசும் அந்தப் பெரிய தகரப் பெட்டி, பக்கத்து ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. இன்று காலை முதல் இணைப்பே இல்லை.

"ஜூன் மாசத்துல கூலரை எடுன்னா எப்படிம்மா? மாமிக்கு வேற பிளட் பிரஷர்."

"உங்களுக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வந்துடும். எனக்கு ஆறு மணிக்குள்ள ஃபைல் போகலைன்னா நாளைக்கு வேலை கிடையாது. ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிச்சுட்டாங்க. நீங்க குளுகுளுன்னு தூங்கறதுக்கு என் பொழைப்புல மண்ணா?"

கீழ்த்தளத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. மாடிப்படியில் தலைகள் நிமிர்ந்தன. மதுமதி குரலைத் தாழ்த்தவில்லை. ஊர்க்காரர் என்று நம்பியது தன் தப்பு என்றாள். சுயநலத்துக்கும் ஓர் அளவு உண்டு என்றாள். பட்டாபியின் மனைவி அனந்தலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் தகரம் உராயும் ஓசை கேட்டது. மதுமதி எட்டிப் பார்த்தாள். கூலரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாலரை மணி அளவில் இணைப்பு வந்தது. ஆறு அடிப்பதற்குள் ஃபைல் போய்ச் சேர்ந்தது.

அன்று தொலைபேசியில் ராஜவேலிடம் வெற்றியோடு சொன்னாள்:

"நல்லதனமா சொன்னா யார் கேக்கறாங்க? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டதும் எடுத்துட்டாரு பாருங்க."

ஜூன் முழுவதும் அந்த ஜன்னல் காலியாகவே இருந்தது. அனந்தலக்ஷ்மி ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். மதுமதி பார்த்தும் பாராதவளாகக் கடந்து போனாள்.

ஜூலையில் மழை இறங்கியபின், கார்டுக்கு ரீசார்ஜ் செய்யத் தெருமுனைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு இந்தியில் சொன்னார்.

"இது பட்டாபி அங்கிள் நம்பராச்சே, பெஹன்ஜி. போன மாசம் டேட்டா சுத்தமா தீர்ந்து நின்னுபோச்சு. கொளுத்தற வெயில்ல நாலு மணிக்கு ஓடிவந்தார். சாயங்காலம் வரக்கூடாதா அங்கிள்னு கேட்டேன். ஆறு மணிக்குள்ள நெட் வரலைன்னா எதிர்வீட்டுப் பொண்ணுக்கு வேலை போயிடும்னார்."

மதுமதிக்கு உடனே விளங்கிவிட்டது. அவசரத்துக்கு வாங்கியதை ஒரு வாரம் முழு நேரமும் ஓட்டினால் தீராமல் என்ன செய்யும்? கூலர் மறைக்கவில்லை, டேட்டா தீர்ந்திருந்தது.

வெட்கம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபமே வந்தது. மறுபடியும் அதே கதவை அறைந்தாள்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லலை? என்னை முட்டாளாக்கி வெச்சுட்டீங்களே."

பட்டாபி சங்கடத்தோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கூலரை எடுத்த பின்னும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை என்று தெரிந்ததும் டேட்டா கார்டு கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்ததாகச் சொல்லிவிட்டு, மழை நன்றாகப் பெய்கிறது என்று பேச்சை மாற்றப் பார்த்தார்.

"சரி, காரணம் தெரிஞ்சப்புறம் கூலரைத் திரும்ப மாட்டியிருக்கலாமே! ஒரு மாசமா எதுக்கு இந்தப் புழுக்கத்துல கெடந்தீங்க?"

இம்முறை அனந்தலக்ஷ்மி யாருடைய கையமர்த்தலுக்கும் அடங்கவில்லை.

"நானும் அதைத்தான் தலைபாடா அடிச்சுண்டேன். கேட்டாரா? 'கூலரை மாட்டினா, அதுக்கப்புறமும் நெட் வரும். அந்தப் பொண்ணு கத்தினது மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கு. வீணா கத்தினான்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சா, நாளைக்கு எப்படித் தலை நிமிர்ந்து படியேறுவா'ன்னு கேக்கறார் இந்த மனுஷர்."

மதுமதி கைப்பையைத் திறந்தாள்.

ரீசார்ஜ் பணம் இருநூறு ரூபாயைப் பட்டாபி அன்றே தட்டாமல் வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். மறு ஆண்டு ஏப்ரலில், வெயில் ஏறுவதற்கு முன்பே, அந்தக் கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டிகள் மாட்டப்பட்டன. பணம் கொடுத்தவள் மதுமதி. அது மட்டும் மாடிப்படிக்குக் கேட்கவில்லை.