இலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

பூங்காவனத்தின் மகனுடைய காரியத்தன்று அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தார்கள். கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாததே இல்லை என்கிற கொழுந்தனார் தண்டபாணி, உள்ளறையில் இருந்த அவன் கம்ப்யூட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வந்து பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு ஜிபி மெமரி, நூத்தியிருபத்தெட்டு பிட்டு. அந்தக் காலத்துல இது ராஜா, அண்ணி. இப்ப காயலான் கடைக்குத்தான்."

பூங்காவனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவன் பாதியில விட்ட ஆட்டம் இதுக்குள்ளதான இருக்கு தம்பி?"

"இதுல எதுவும் தங்காது அண்ணி. கரண்ட் இருக்குற வரைக்கும்தான் படம் காட்டும்."

அவன் போனதிலிருந்து அவள் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவேயில்லை. திரையில் அவன் ஆட்டிவைத்த வீரன் ஒரு பாலத்தின்மேல் மூச்சு வாங்கியபடி நின்றுகொண்டிருந்தான். அவள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். திரை கறுத்திருந்தது.

"நேரமாச்சு, கற்பூரத்தக் காட்டுங்க அண்ணி" என்றார் தண்டபாணி.