ஆறாம் நம்பர் வண்டி

கொடி இன்னும் ஏறவே இல்லை. ஆறாம் நம்பர் வண்டி வாய்க்காலுக்குள் கிடந்தது.

மற்ற ஐந்து வண்டிகளும் சுண்ணாம்புக் கோட்டில் வரிசையாக நின்றன. மாடுகளை இழுத்துப் பிடித்திருந்த ஆட்கள்கூடச் சிரித்தார்கள்.

"ஆறாம் நம்பர் வண்டி குளிக்கப் போயிருச்சுங்க! யாராச்சும் ஒரு சோப்பு வாங்கிக் குடுங்கப்பா!" என்றது மைக். காணும் பொங்கல் கூட்டம் மொத்தமும் கைதட்டியது.

கரைச் சேற்றிலிருந்து எழுந்தார் ராம்கி. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரவழைத்த சாரதி. பதினேழு முதல் பரிசு வாங்கியவர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. காதிலிருந்து சேறு வழிந்தது. பத்துப் பேர் அதைச் செல்போனில் பிடித்தார்கள்.

மாடுகளுக்கு ஒரு கீறல் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, நான் அவற்றைக் கூப்பிடவில்லை. விசில் அடிக்கவில்லை. துண்டை ஆட்டவில்லை. பந்தயக் கமிட்டி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

அந்தச் செவலையையும் மயிலையையும் இரண்டு வருஷம் பழக்கியவன் நான். நுகத்தடியைக் கண்டாலே மிரண்ட கன்றுகளாக வந்தவை. விடிவதற்குள் திருவாரூர் சாலையில் போக இரண்டு மைல், வர இரண்டு மைல். செவலைக்குக் குளம்பு வீங்கியபோது பதினொரு நாள் கொட்டகையிலேயே படுத்தேன்.

"தைக்கு நீதான்டா பகலவா ஓட்டுற." மாட்டின் சொந்தக்காரர் தியாகராசன் இதை மூன்று முறை சொன்னார். அதில் ஒரு முறை என் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கச் சொன்னார்.

எங்கள் தெருவிலிருந்து இதுவரை யாரும் பந்தய வண்டியில் ஏறியதில்லை. இதே மாட்டுக்காரர்களின் மாடுகளை மேய்த்திருக்கிறோம், பூட்டியிருக்கிறோம், சாணி அள்ளியிருக்கிறோம். வண்டியில் உட்கார்ந்து கயிறு பிடித்ததில்லை.

அதனால் தெருவே மூன்று ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தது. என் மனைவி அம்சம் புதுப்புடவையில் முன்வரிசையில் நின்றாள்.

மாட்டைப் பூட்டி முடித்தேன். ஆறு என்று அச்சடித்த மஞ்சள் பனியனோடு தியாகராசன் வந்தார். கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ராம்கியிடம் கொடுத்தார்.

"வீடியோ எடுக்குறானுவ. பேரு உள்ள ஆளு உக்காந்தாத்தான் மாட்டுக்கு மதிப்பு. நீதான் பூட்டிட்டேல்ல, ஒதுங்கிக்க."

ஒதுங்கிக்க.

என் அப்பாவுக்கும் இதே வீட்டார் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒதுங்கினார். எனக்கு முப்பத்துநாலு வயது.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செவலையின் முதுகில் வைத்தேன்.

"என்னாங்க, நீங்க ஏன் கீழ நிக்கிறீங்க?" கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அம்சம் கத்தினாள்.

சுற்றி நின்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான்.

கோட்டைத் தாண்டி, வண்டிகளுக்கு முன்னால், சாலையோரமாகவே நடந்தேன். ஐம்பது அடி போயிருப்பேன்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம். தலைக்கயிறு பிடித்திருந்தவன் "ஐயோ" என்றான். ராம்கி "ஏய், ஏய்" என்றார். சக்கரம் கரையில் தடதடவென்று இறங்கியது. தண்ணீர் எழும்பி என் முகத்தில் அடித்தது.

தியாகராசன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்.

"டேய் பகலவா, மாட்டைப் புடிடா!"

பிடிக்கத் தேவை இருக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டும் வண்டியோடு நேராக என்னிடம்தான் வந்து நின்றன. செவலை என் தோளை நக்கியது.

தினமும் ஓட்டம் முடிந்ததும் அவற்றை இந்த வாய்க்காலில்தான் குளிப்பாட்டுவேன். நான் முதலில் இறங்க வேண்டும். நான் இறங்காமல் அவை காலை நனைக்காது. நான் இறங்கிவிட்டால் யார் பிடித்தாலும் நிற்காது.

ராம்கிக்கு இது தெரியாது. தெரிய வேண்டியவர் தியாகராசன். இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் அந்த நேரத்துக்கு எழுந்து வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நீ எதுக்குடா உள்ள நிக்கிற?"

"மொகம் கழுவ எறங்குனேங்க."

அவர் என்னையே பார்த்தார். ஊரே பார்ப்பதைக் கண்டு, தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

கமிட்டி ஆறாம் நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்தது. கொடி அசைந்தது. ஐந்து வண்டிகளும் எங்கள் தலைக்கு மேலே சாலை அதிரப் போயின. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை அள்ளி அவற்றின் முதுகில் ஊற்றினேன், வழக்கம்போல.

முகம் கழுவப் போகிறவன் சட்டையைக் கழற்றி, செல்போனை அதற்குள் சுற்றி, செருப்பை ஜோடியாகக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் போவானா என்று இன்றுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.