மச்சான் நின்ற மூலை

இந்தக் காலத்தில் செத்தவனைத்தான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் தொட்டியைக் கலக்கும் கிழவருக்கு அதுதான் எரிச்சல். கூடவே கலக்கியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. போன வாரம் செத்துப்போனான். அவன் தினமும் ஒன்பது மணிக்கு வந்து நிற்கும் தொட்டி மூலையில், இன்றும் சரியாக அதே நேரத்துக்குப் பாசி முழுவதும் திரண்டு நின்றது.

“உங்ககிட்ட ஒருநாளும் இப்படி வந்ததில்லையே, பெரியவரே,” என்றாள் ஆராய்ச்சிக்காரி.

“அங்க வெளிச்சம் விழுதும்மா.”

ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது.

அவள் போனதும் கிழவர் அந்த மூலையில் போய் நின்றார். பாசி மெல்ல விலகி எதிர்மூலைக்குப் போனது. அவரும் அங்கே போனார். அது மச்சானின் மூலைக்கே திரும்பியது.

“செத்தும் போட்டிக்கு நிக்கிறியாடா,” என்று கலக்கும் துடுப்பைச் சுவரில் சாய்த்தார்.

“காத்துதான், வேறென்ன,” என்றபடி, மூடியிருந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.