இன்னும் கொஞ்சம் சத்தம்

"விலைதான் கம்மி சார், சத்தத்துக்குக் குறைவே இருக்காது" என்றபடி, அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார் விற்பனையாளர்.

"போட்டுக் காட்டுங்க" என்றார் வந்தவர். பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலி அட்டைப்பெட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தது.

பாட்டு ஒலித்தது.

"இன்னும் ஏத்துங்க."

ஏற்றினார். மேஜைக் கண்ணாடி அதிர்ந்தது.

"இன்னும்!"

"வேணாம் சார், பாப்பா பயந்துடப் போகுது."

"பரவாயில்ல, ஏத்துங்க." அவர் குரல் நடுங்கியது.

விற்பனையாளர் யோசித்தார். ஸ்பீக்கர் கிழிந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு குமிழைக் கடைசிவரை திருகினார். தெருவில் போனவர்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சட்டென்று அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார்.

"அடேங்கப்பா! பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கலையே. நல்ல தைரியம் சார்! பில் போட்டுடலாமா?"

வந்தவர் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் முதுகையே வெறித்துக்கொண்டிருந்தார்.

மனைவி குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது நம்புறீங்களா? வாங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்."