தெற்குப் பாதி

"மண்ணைக் கொல்லத்தான் பி.ஏ. படிச்சியாடா?"

ஊர்ச் சாவடியில் அத்தனை பேர் முன்னாலும் கருத்தக்கண்ணன் மகனைக் கேட்டுவிட்டார். முத்திருளனுக்கு முகம் செத்துப்போயிற்று. வாடிப்பட்டிப் பக்கத்தில் அந்த ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். வயலுக்குச் சீமை உப்பு உரம் போடலாம் என்று சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

"போன வருஷம் ஒச்சாயி போட்டாளே, பயிரு கருகலையா மாப்ள?" என்றார் பக்கத்து வயல்காரர் பேயாண்டி.

"கருகுச்சு மாமா. அந்த வருஷம் கால்வாயில தண்ணியும் வரலையே. உப்புல கருகுச்சா, தண்ணியில்லாமக் கருகுச்சா?"

"உப்புலன்னுதான் வச்சுக்கயேன்."

"வச்சுக்கக் கூடாது மாமா, பாக்கணும். எங்க வயலை வரப்புப் போட்டு ரெண்டாப் பிரிப்போம். ஒரே விதை, ஒரே உழவு, ஒரே தண்ணி. தெக்குப் பாதிக்கு மட்டும் உப்பு. அது ஒண்ணுதான் வித்தியாசம். அறுப்புல நெல்லே சொல்லட்டும்."

"நெல்லு உனக்கு எதிராச் சொன்னா?"

"இதே ஊர் முன்னால நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிர்றேன்."

"கிழிச்சான்!" துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார் கருத்தக்கண்ணன். சாவடியே சிரித்தது.

தை மாதம் களத்தில் ஊரே கூடியது. தெற்குப் பாதியின் நெல் அம்பாரம் வடக்கைவிட உயர்ந்து நின்றது. அளந்து பார்க்கவே வேண்டியதில்லை.

பேயாண்டி நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தார். "தோத்துட்டேன் மாப்ள. வார போகத்துக்கு நானும் உப்பு வாங்குறேன்."

"நானும்தான்" என்றார்கள் இன்னும் சிலர்.

முத்திருளனுக்கு நெஞ்சு விம்மியது. அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கார விருமாண்டி அவன் காதோரம் வந்தான்.

"எங்க ஆட்டுப் புழுக்கைன்னா சும்மாவா தம்பி? நீ மதுரைக்கு வேலை தேடிப் போயிருந்தப்ப, உழவுக்கு முந்தி தெக்குப் பாதியில மட்டும் ஆட்டை அடைச்சுக் கிடை போட்டோம்ல!"

வேறு யார் காதிலும் அது விழவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஊர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, யாரும் உப்பு வாங்க வேணாம்" என்றான். "தெக்குப் பாதியில கிடையும் போட்டிருக்காக. உப்பால வெளைஞ்சதா, புழுக்கையால வெளைஞ்சதான்னு எனக்குத் தெரியலை. இந்தச் சோதனை செல்லாது. மறுபடி முதல்ல இருந்து செய்யணும்."

"அட கிறுக்குப் பயலே! ஜெயிச்சவன் எவனாச்சும் இப்படிச் சொல்லுவானா?" என்று யாரோ சிரித்தார்கள்.

பேயாண்டி சிரிக்கவில்லை.

"வார போகத்துக்கு உன் சோதனையை என் வயல்ல வையி மாப்ள. கூடுனாலும் கொறஞ்சாலும் நீ சொல்றதை நான் நம்புறேன். ஆனா, திருட்டுத்தனமாக் கிடை போட்ட களவாணி எவன்னு மட்டும் தெரிஞ்சாகணும். அவனை வரப்பு மிதிக்க விட மாட்டேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருத்தக்கண்ணன் வந்தார். மகன் தோளில் கை போட்டு, நிமிர்ந்து நின்றார்.

"நாந்தான்யா. எம் மகன் ஊர் முன்னால தலை குனிஞ்சிரக் கூடாதேன்னு போட்டேன்."