கை எட்டும் தூரம்

"வண்டியில வீடு கட்டணும்னா, சீட்டுக்கு அடியில எஞ்சின் உள்ள வேனை எடுங்கண்ணே. பின்னால இடம் நிறைய லா," என்றான், ஜுருவில் பழைய வேன் விற்கும் அலாவுதீன்.

"நடுவுல எஞ்சின் மேடு இருக்கக் கூடாது தம்பி," என்றார் குகதாசன். "பக்கத்து சீட்டுல இருந்து கை நீட்டினா அடுப்பு எட்டணும்."

"ஓடுற வண்டியில யாரண்ணே சமைப்பாங்க?"

"சமைக்க இல்ல. முப்பது வருஷமா எங்க கிளம்பினாலும், பாலத்துக்குக் கிட்ட வந்ததும் கனகேஸ்வரிக்கு 'கேஸை மூடினேனா'ன்னு பயம் வந்துடும். வண்டியைக் கோஸ்தான் பண்ணி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிடுவோம். இனிமே அடுப்பே கூட வரட்டும்."

பக்கத்தில் நின்ற மனைவி கனகேஸ்வரி கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரிங்க... வீட்டுக் கதவைப் பூட்டினேனா?"